நினைவஞ்சலிப் படங்களில் மறையும் பொட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

நினைவஞ்சலிப் பக்கங்களில் முகம் கருகி, நெற்றிப் பொட்டு காணாமற்போவதற்கு அச்சியந்திரத்தை மட்டும் குறைசொல்வது சரியல்ல. வர்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போதே பாதிப் பிழை நேர்ந்துவிடுகிறது.

போட்டோஷொப்பில் பலரும் அழுத்தும் ‘டிசாச்சுரேட்’ என்ற நிறநீக்கக் கட்டளை, ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவுகளில் (0 கறுப்பு, 255 முழு வெளிச்சம்) கூடியதையும் குறைந்ததையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. மாநிறத் தோல் 150, 100, 75 என்றிருந்தால் கிடைப்பது 112. குங்குமம் 180, 30, 40 என்றால் 105. பிறகெப்படிப் பொட்டு தெரியும்?

ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சேர வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கும் ‘சனல் மிக்சர்’ திறந்து ‘மொனோகுரோம்’ பெட்டியில் சரியிட்டு, சிவப்பு 40, பச்சை 50, நீலம் 10 சதவீதம் என்று கொடுத்தால் தோல் 118, பொட்டு 91. இடைவெளி வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் இதுவே ‘மொனோ மிக்சர்’, அங்கே 0.4, 0.5, 0.1. கூட்டுத்தொகை 100ஐத் தாண்டினால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் அழிந்துவிடும். முகம் வெளுக்கட்டும் என்று சிவப்பை மட்டும் ஏற்றுவோரும் உண்டு. அப்போது குங்குமம் தோலைவிட வெளிறித் திருநீறு போலத் தெரியும்! புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலின் படத்தை அவ்வாறு மாற்றினால் சிவப்புக் கோடுகள் வெள்ளையை நெருங்கிவிடும். அதற்குப் பச்சையைக் கூட்ட வேண்டும்.

நீலத்தை அதற்கு மேல் கூட்டாதிருப்பது நல்லது. கெமராவின் இரைச்சல், அதாவது படத்தில் விழும் பொடிப் புள்ளிகள், அங்கேதான் அதிகம். ஜேபெக் கோப்பு நிற விபரத்தைக் குறைத்தே சேமிப்பதால் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். வட்ஸ்அப்பில் வந்த படமென்றால் இன்னும் மோசம். ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது மை. பத்திரிகைக் கடதாசியில் அது பரவும்; கடதாசியில் பாதியை மூட வேண்டிய 50 சதவீத மைப்புள்ளி அச்சில் 75 சதவீதத்தை நெருங்கும். ஆகவே வெளிச்சத்தைச் சீராக்கும் ‘லெவல்ஸ்’ கருவியின் நடுப்புள்ளியை 1.2 வரை உயர்த்த வேண்டும். திரையில் சற்று வெளிறித் தெரிந்தால் பயமில்லை. 8 சென்ரிமீற்றர் அகலப் படத்துக்கு 650 பிக்சல் போதும்.

மரண அறிவித்தல்களை ஏற்கும் கருமபீடத்தில் மாற்றிய படத்தை வாங்காமல், மூல வர்ணப் படத்தையே கேட்டு வாங்குமாறு ஊழியர்களுக்கு அறிவுறுத்துவீர்களா? ஒருமுறை கறுப்பு வெள்ளையாகிவிட்ட படத்தில் இந்த அளவுகள் எதையும் மாற்ற வழியில்லை.

வாசகர் ஒருவர்,
கொழும்பு 13