பழி மின்மோட்டாருக்கு, பழுது கிளட்சுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 24 மணி நேரக் கார்ப் பந்தயங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓட்டுநர்களின் புகழோடு நின்றுவிடாமல் காருக்குள் இருக்கும் இயந்திரத்தைப் பற்றியும் தமிழில் எழுதுபவர்கள் குறைவு, அதற்கு நன்றி. ஆனால் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும், சோதனை நிலையிலுள்ள ஹைபிரிட் கார்கள் ஒரு நாள் முழுவதும் தாங்காது, 2017ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த லெ மான் பந்தயமே அதற்குச் சாட்சி என்று கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். அவர் கூண்டில் ஏற்றிய அதே சாட்சியை நானும் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

அந்த ஆண்டு முதன்மைப் பிரிவான எல்எம்பி1-இல் ஆறு கார்கள் புறப்பட்டன. டொயோட்டா மூன்று, போர்ஷே இரண்டு. இவை ஐந்தும் ஹைபிரிட். ஆறாவது, பைகோலஸ் என்ற தனியார் அணியின் கார். அதில் மின்மோட்டாரே கிடையாது. முதலில் ஓய்ந்தது அந்த ஆறாவது கார்தான். பத்துச் சுற்றுகூட ஓடவில்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மற்ற ஐந்தில் இரண்டு கார்களுக்கு உண்மையிலேயே ஹைபிரிட் பாகம் கெட்டது. போர்ஷேயின் 2ஆம் எண் கார் மாலையிலேயே முன்சக்கர மின்மோட்டார் பழுதாகி, பாதையோரப் பணிமனையான பிட்டுக்குள் வந்தது. அதை மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கார் கிட்டத்தட்டக் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. டொயோட்டாவின் 8ஆம் எண் காருக்கும் இரவில் அதே முன்மோட்டார் கோளாறு. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போனது. அந்தப் பிரிவில் இந்த இரண்டு கார்களும்தான் பந்தயத்தை முடித்தன. அதிலும் போர்ஷே 367 சுற்றுகள் ஓடி வென்றது.

மின்மோட்டார் கெடாத மூன்று கார்களோ வழியிலேயே நின்றன. நிம்மதியாக முன்னணியில் போய்க்கொண்டிருந்த போர்ஷேயின் 1ஆம் எண் கார், 20 மணி நேரம் கடந்த பிறகு என்ஜினில் ஆயில் அழுத்தம் விழுந்து ஓய்ந்தது. நூறு ஆண்டுகளாக என்ஜின்களுக்கு வந்துகொண்டிருக்கும் நோய் இது. டொயோட்டாவின் 9ஆம் எண் கார் இன்னொரு காருடன் உரசி, டயர் கிழிந்து, பிட்டுக்குத் திரும்ப முடியாமல் நின்றது. மூன்றாவதுதான் சுவையானது. சுவை என்று சொல்வது டொயோட்டாக்காரர்களுக்குக் கொடுமையாக இருக்கலாம்.

தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 14.791 விநாடியில் ஓடி எல்லோரையும் வியக்க வைத்த 7ஆம் எண் கார் அது. கமுய் கோபயாஷி ஓட்டினார். இரவில் பிட்டிலிருந்து வெளியேறும் இடத்தில் சிவப்பு விளக்குக்காகக் காத்து நின்றபோது, பந்தய உடையில் இருந்த வேறொரு அணி ஓட்டுநர் வாழ்த்துச் சொல்லும் விதமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கோபயாஷி அவரைப் பந்தய அலுவலர் என்று எண்ணிக் காரைக் கிளப்பினார். அணியினர் வானொலியில் நிறுத்தச் சொன்னார்கள். கிளம்பி, நின்று, மறுபடி கிளம்பி என்று போனதில் கிளட்ச் கருகியது. கார் அத்தோடு சரி.

இங்கேதான் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இந்தக் கார்கள் பிட்டிலிருந்து மின்மோட்டாரின் இழுப்பில் நகரும். வேகம் பிடித்த பிறகே பெட்ரோல் என்ஜின் சேர்ந்துகொள்ளும். நின்ற நிலையிலிருந்து காரை இழுக்கும் வேலை கிளட்சுக்கு இல்லை என்பதால் அதை அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி செய்யவில்லை. மறுபடி மறுபடி என்ஜினைக் கொண்டு கிளப்பியதும் அது தாங்கவில்லை. மின்மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. அது இருக்கிறதே என்ற தைரியத்தில் மெலிதாகச் செய்யப்பட்ட பாகம்தான் போனது.

2015இல் நிசான் கொண்டுவந்த ஜிடி-ஆர் எல்எம் நிஸ்மோ இதே பாடத்தின் பெரிய பதிப்பு. முன்பக்கம் என்ஜின், முன்சக்கர இழுப்பு, பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலை ஃப்ளைவீல் என்ற சுழல்சக்கரத்தில் சேமிக்கும் ஹைபிரிட் அமைப்பு என்று எல்லாமே வழக்கத்துக்கு மாறானது. அந்த ஃப்ளைவீல் அமைப்பு சரிவராததால் அது இல்லாமலே மூன்று கார்களை லெ மானில் இறக்கினார்கள். ஆனால் வேகத்தைக் குறைப்பதில் பெரும் பங்கை அந்த அமைப்பு ஏற்கும் என்று நம்பித்தான் பிரேக்குகளை வடிவமைத்திருந்தார்கள். பாவம், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுந்தது. இரண்டு கார்கள் பாதியில் விலகின. மூன்றாவது கடைசிவரை ஓடியும் தூரம் போதாமல் முடிவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. அந்த ஆண்டு இறுதியிலேயே நிசான் திட்டத்தைக் கைவிட்டது. ஹைபிரிட்டின் நம்பகத்தன்மை குறித்துக் குறை சொல்ல விரும்புகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் காரைத்தான். கட்டுரையாளர் ஏனோ இதை விட்டுவிட்டார்.

இந்தப் பாகங்கள் சுமக்கும் வேலையையும் பார்க்க வேண்டும். அன்றைய விதிப்படி போர்ஷேயும் டொயோட்டாவும் சுற்று ஒன்றுக்கு 8 மெகாஜூல் வரை மின்னாற்றலைப் பயன்படுத்தலாம். நாம் வீட்டில் எண்ணும் கணக்கில் அது 2.2 யூனிட். 13.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றை மூன்றேகால் நிமிடச் சொச்சத்தில் முடிக்கிறார்கள். அதற்குள் இவ்வளவையும் பிரேக் பிடிக்கும்போது சேர்த்து, வளைவைத் தாண்டியதும் செலவழித்தாக வேண்டும். போர்ஷே போதாக்குறைக்குப் புகைபோக்கி வழியே போகும் வாயுவிலிருந்தும் மின்சாரம் எடுத்தது. ஒரு பகல், ஓர் இரவு முழுவதும் இப்படிச் சேர்த்தும் செலவழித்தும் ஓடுகிற அமைப்பில் மோட்டார் ஒன்று பழுதாவது எனக்கு அதிர்ச்சி தரவில்லை. அதை ஒரு மணி நேரத்தில் கழற்றி மாட்ட முடிகிறது என்பதுதான் வியப்பாக இருக்கிறது.

மற்ற ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014இல் டொயோட்டா இரவு முழுவதும் முன்னணியில் போய், வயர் ஒன்று வெப்பத்தில் உருகியதால் விடியும் முன் நின்றது. அந்த ஆண்டு வென்ற ஆடி நிறுவனத்தின் காரே, என்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போசார்ஜரை மாற்றிக்கொண்டுதான் வென்றது. 2016இல் கசுகி நகஜிமாவின் டொயோட்டா, வெற்றிக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது வேகமிழந்து தொடக்கக் கோட்டின் அருகே நின்றதை இன்றும் பலர் ஹைபிரிட் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டர்போவுக்கும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலான காற்றுக் குழாயின் இணைப்பு ஒன்று பழுதானதே காரணம் என்று டொயோட்டா பிறகு அறிவித்தது. 2023இல் ஃபெராரியின் 50ஆம் எண் காருக்கு ஹைபிரிட் அமைப்பைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஒழுகியது. காரணம் பாதையிலிருந்து தெறித்த ஒரு கல்.

கட்டுரையாளருடன் ஒத்துப்போகும் இடமும் உண்டு. டொயோட்டா 2012இல் ஹைபிரிட்டுடன் வந்து 2018இல்தான் லெ மானில் வென்றது. அதற்குள் ஆடியும் போர்ஷேயும் போட்டியிலிருந்தே விலகியிருந்தன. எதிரில் இன்னொரு பெரிய நிறுவனம் இல்லாதபோது கிடைத்த வெற்றியை நம்பகத்தன்மைக்கு முழுச் சான்றாக நானும் வைக்க மாட்டேன். ஆனால் அந்த ஆண்டு அவர்கள் சோதனை ஓட்டங்களிலேயே வேண்டுமென்று பழுதுகளை உண்டாக்கி, மூன்று சக்கரத்தில் பிட்டுக்குத் திரும்புவதுவரை பழகினார்கள். பழைய தோல்விகளில் எந்தப் பாகம் போனது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தவர்களின் வேலை அது.

ஆகவே ஒரு கோரிக்கை. அடுத்த ஜூன் மாதம் லெ மான் முடிவுகளை நீங்கள் அட்டவணையாக வெளியிடும்போது, பந்தயத்தை முடிக்காத கார்களுக்கு நேரே வெறுமனே "விலகியது" என்று போட்டுவிடாமல், எந்தப் பாகம், எந்த மணியில் என்று இரண்டு கட்டங்கள் சேர்த்துப் போடுங்கள். முடித்த கார்களிலும் எவை எவ்வளவு நேரம் பிட்டில் கிடந்தன என்பதைக் கீழே சிறிய எழுத்திலாவது தாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பணிமனை மேற்பார்வையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்