55 வயதில் வரும் பணம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து, 55 வயதில் எடுக்கத் தரும் நம் மலேசிய ஊழியர் சேமநிதிப் (இபிஎஃப்) பணத்தைச் சந்தாதாரர் நினைத்தபோதெல்லாம் எடுக்க விடவேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உழைத்தவர் பணம் உழைத்தவருக்கே என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நம் குடும்பங்களில் அந்தப் பணத்தைப் பற்றி முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர் இல்லையே!

பிறை, பட்டர்வொர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 55 வயது நெருங்கும்போதே மகள் கல்யாணம், மகன் காருக்கு முன்பணம், வீட்டுக்குக் கூடுதல் அறை என்று பட்டியல் தயாராகிவிடும். தர மறுத்தால் கஞ்சன், பாசமில்லாதவர் என்ற பேச்சு. பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பது தவறில்லை. அத்தனையையும் கொடுத்துவிட்டு, ரத்த அழுத்த மாத்திரைக்கும் மருமகளிடம் கேட்டு நிற்பதுதான் கொடுமை.

55 வயதில் எல்லாவற்றையும் எடுத்தே தீரவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஒரு பகுதியை எடுக்கலாம், மாதாமாதம் வருமாறு கேட்கலாம், எடுக்காமலும் விடலாம். மீதிக்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 முதல் 60 ஆகிவிட்டது. இன்னும் ஐந்தாண்டு சம்பளம் வாங்கப்போகிறவருக்கு என்ன அவசரம்?

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் சிறப்பு அனுமதியில் இந்த நிதியிலிருந்து 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போனது. அது பசிக்காக, அதைக் குறை சொல்லமாட்டேன். 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. அதில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் சேர்கிறது. அவசரத்துக்கு அது போதாதா? 75 விழுக்காடு சேரும் ஓய்வுக்கால கணக்கு 55 வரை பூட்டியே இருக்கட்டும். கடன் கேட்டு வரும் அண்ணன் தம்பியிடம் "எடுக்க முடியாது" என்று சொல்ல நம் பெண்களுக்கு இருக்கும் ஒரே துணை அந்தப் பூட்டுதான்.

சம்பளச் சீட்டே இல்லாமல் காலையில் நாசி லெமாக் விற்கும் அக்காமாரும் இந்த நிதியில் தாமாகவே சேமிக்கலாம். அப்படிச் சேமிப்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் அரசும் ஊக்கத்தொகை சேர்க்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

தொழிற்சங்கக் கிளைகளும் கோயில் நிர்வாகங்களும் 50 வயதைக் கடந்தவர்களை அழைத்துத் தமிழில் விளக்கம் தரவேண்டும். பிள்ளைகளையும் கூடவே உட்கார வைக்கவேண்டும். முக்கியமாகக் கேட்கவேண்டியவர்கள் அவர்கள்தாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
பட்டர்வொர்த், பினாங்கு