ஒரு வரி குறைந்த காசு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போட்டேன், திட்டாதே. பேத்தி கல்லூரியில் சேர்ந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

என் செய்தி என்ன, மறுபடியும் காசுதான். எல்லா நாட்டையும் சேர்க்க பென்ஷன் தாங்காது. அதனால் மொரீஷியஸ் மட்டும், அதிலும் 1934 முதல் 1956 வரை மட்டும் என்று கோடு போட்டுக்கொண்டேன். கரும்புத் தோட்டத்துக்கு நம் ஆட்களைக் கொண்டுபோனபோது கூடவே ரூபாயும் போய், 1870களில் அங்கே அதுவே நாணயமாகிவிட்டது. ஆனால் அணா, பைசாத் தொல்லை இல்லை. ரூபாய்க்கு நூறு சென்ட். அந்த வகையில் நம்மைவிட எண்பது வருஷம் முந்திக்கொண்டார்கள்!

போன வாரம் 1947ஆம் வருஷத்துப் பத்து சென்ட்டையும் 1952ஆம் வருஷத்துப் பத்து சென்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் நம் பழைய ஓரணா மாதிரி வளைந்து வளைந்து போகும் விளிம்பு. இரண்டிலும் பிரிட்டிஷ் ராஜா ஆறாம் ஜார்ஜின் அதே தலை. ஆனால் முதல் காசில் ‘மன்னர், இந்தியாவின் பேரரசர்’ என்று சுற்றிலும் நெருக்கியடித்து எழுதியிருக்கிறது. அடுத்ததில் வெறும் ‘மன்னர் ஆறாம் ஜார்ஜ்’. 1948 ஜூனில் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டார் அல்லவா? நமக்குச் சுதந்திரம் வந்ததில் அவர்கள் காசில் ஒரு வரி குறைந்தது. அவர்களுக்கு வர 1968 மார்ச் வரை ஆனது. லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காப்பி ஆறிப்போய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக் கதையும் இதே மாதிரி இறங்குமுகம்தான். 1934 ரூபாயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேல் வெள்ளி. 1946 கால் ரூபாயில் பாதிதான். 1950இல் அதுவும் போய் செம்பும் நிக்கலும். அரை ரூபாயில் ஒரு கலைமான் நிற்கும், எனக்கு அதுதான் பிடித்த காசு. அந்த மான்கூட உள்ளூர் இல்லை. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது.

அப்புறம் ஒரு பழைய பாக்கி. எட்டாவது படிக்கும்போது நீ கொடுத்த 1944 ஐந்து சென்ட் நினைவிருக்கிறதா? வெண்கலத்தில் அகலமாக இருக்குமே, அதுதான். பளபளக்கட்டும் என்று அம்மாவின் புளியைத் திருடித் தேய்த்தேனே! இந்த வாரம் அதை ஒரு காசு வியாபாரியிடம் காட்டினேன். தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. “கழுவின காசு சார்” என்று தள்ளிவிட்டார். தேய்த்துப் பளபளப்பாக்கின காசுக்கு மதிப்பு போய்விடும். அறுபது வருஷத்தில் மறுபடி கறுத்திருக்கிறது, ஆனால் தேய்த்த கீறல் ராஜாவின் கன்னத்தில் அப்படியே இருக்கிறது. போர்க்காலத்தில் லண்டனை விட்டு சவுத் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அடித்ததற்கு அடையாளமாக எஸ், ஏ என்று பொடியாக இரண்டு எழுத்து அதில் இருக்கிறது. அந்த வயதில் நாம் அதைக் கவனிக்கவே இல்லை.

உன்னிடம் இருக்கும் காசுகளைப் பழைய ரப்பர் மாதிரி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தால் உடனே எடுத்துவிடு. பச்சையாகப் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும். என்னுடையதில் இரண்டு அப்படிப் போயிற்று. நல்ல காகித உறை கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், தையில் நீ வரும்போது தருகிறேன். உன் டப்பாவில் 1956 ரூபாய் ஏதாவது கிடக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

உன்,
ராமு