‘மணி’யும் ‘கிளாக்’கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் நேரத்தைச் சொல்ல ஹவர், கிளாக், வாட்ச், மினிட், செகண்ட் என்று தனித்தனிச் சொற்கள் இருக்க, தமிழில் கோயில் மணிக்கும் பள்ளிக்கூட மணிக்கும் நேரத்துக்கும் ஒரே ‘மணி’யை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம் என்றும், இது நம் மொழியின் சொல்வறுமை என்றும் சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பழனி மலை ஊர்களில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அவர் பெருமையாகக் குறிப்பிட்ட அந்த ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைச் சற்றுக் கிளறிப் பார்த்தால் அவர் கருத்து நிற்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘கிளாக்’. இடைக்கால லத்தீனில் ‘க்ளோக்கா’ என்றால் மணி. அடித்தால் ஓசை எழுப்பும் அதே வெண்கல மணி. ஜெர்மானியரின் ‘க்ளோக்கெ’யும் பிரெஞ்சுக்காரரின் ‘க்ளோஷ்’ என்பதும் இன்றளவும் மணியைத்தான் குறிக்கின்றன. ஐரோப்பாவில் தொடக்ககாலத்தில் கோபுரங்களில் ஏற்றப்பட்ட இயந்திரக் கடிகாரங்கள் பலவற்றில் முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மணியடிப்பது ஒன்றே அவற்றின் வேலை. 1386ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கூறப்படும் இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயக் கடிகாரம் அத்தகையதே. ஆகவே ‘டென் ஓ கிளாக்’ என்று ஆங்கிலேயர் சொல்வதும் ‘பத்து மணி’ என்று நாம் சொல்வதும் ஒரே ஓசையிலிருந்து பிறந்தவை. வேறுபாடு என்னவென்றால், அவர்களுக்கு அந்த மூலம் மறந்துவிட்டது. நமக்கு இன்னும் காதில் கேட்கிறது. எங்கள் ஊர்த் தேவாலயத்தில் காலை, நண்பகல், மாலை என மூவேளை மணி ஒலிக்கும்போது, காப்பித் தோட்டத்தில் மூடுபனிக்குள் நின்று வேலை செய்பவர்கள் கைபேசியைத் தேடுவதில்லை.

மேலும், நேரத்தை அளக்க நாம் மணியை மட்டும் நம்பியிருக்கவில்லை. முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கர் நீர் அளக்கும் கன்னல் என்ற பாத்திரத்தைக் கொண்டு அரசனுக்குப் பொழுது அறிவிக்கிறார்கள். ‘கடிகாரம்’ என்ற சொல்லுக்குள்ளும் குடத்தைக் குறிக்கும் வடசொல்லான ‘கடம்’ ஒளிந்திருக்கிறது. ஆங்கிலக் கடிகாரத்துக்குள் மணி இருப்பது போல நம் கடிகாரத்துக்குள் ஒரு தண்ணீர்ப் பாத்திரம் இருக்கிறது.

அடுத்து ‘ஹவர்’. இது கிரேக்க மொழியின் ‘ஹோரா’. அதே சொல் வடமொழிச் சோதிடத்தின் வழியாக நம்மிடம் வந்து ‘ஓரை’ ஆயிற்று. சுக்கிர ஓரையில் நகை வாங்கலாமா என்று நாட்காட்டியைப் புரட்டும் நம் வீட்டுப் பெண்கள், ஆங்கிலேயரின் ஹவரைத்தான் அவர்களைக் கேளாமலே பயன்படுத்தி வருகிறார்கள். நாளுக்கு 24 ஓரை என்ற கணக்கும் ஒன்றே. (சங்கப் பாடல்களில் மகளிர் ஆடும் ‘ஓரை’ வேறு, விளையாட்டைக் குறிக்கும் அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ‘வாட்ச்’ என்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது விழித்திருந்து காப்பதைக் குறித்த சொல். கையில் கட்டும் வாட்சும் வாசலில் நிற்கும் வாட்ச்மேனும் உடன்பிறந்தவர்கள்.

அவர் குறிப்பிடாத, இவற்றைவிட வேடிக்கையான இன்னொரு சொல், நண்பகலைக் குறிக்கும் ‘நூன்’. லத்தீனில் ‘நோனா’ என்றால் ஒன்பதாவது. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாம் மணி என்பது பிற்பகல் 3 மணியளவு. கிறித்தவத் துறவியர் அந்த வேளையில் ஒரு வழிபாடு வைத்திருந்தார்கள். நம் பழனி ஆண்டவர் கோயிலில் விளா பூசையிலிருந்து இராக்காலம் வரை ஆறு காலம் இருப்பதைப் போல அவர்களுக்கும் வேளைகள் உண்டு. நாளடைவில் அந்த வழிபாடும், அதன் பெயரைத் தாங்கிய சொல்லும் முன்னே நகர்ந்து நண்பகலில் வந்து நின்றுவிட்டன. நோன்பிருந்த துறவியர் அதன் பிறகே உண்ண முடியும் என்பதால் பசி தள்ளிய தள்ளல் இது என்று ஒரு விளக்கம் உண்டு. எதுவாயினும், ஒன்பது என்று பெயர் வைத்துக்கொண்டு பன்னிரண்டைக் குறிக்கும் சொல் அது. நம் ‘உச்சி’ அப்படி இடம் மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது. 1906 முதல் இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. கொடைக்கானல் அதற்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.20க்கு. எங்கள் தேவாலயத்தின் நண்பகல் மணி சூரியனை முந்திக்கொண்டுதான் அடிக்கிறது.

‘மினிட்’, ‘செகண்ட்’ இரண்டும் லத்தீன் கணக்கர்களின் சுருக்கெழுத்து போன்றவை. ஒன்றை அறுபதாகப் பகுத்தது ‘முதல் சிறு கூறு’. அதை மறுபடி அறுபதாகப் பகுத்தது ‘இரண்டாம் சிறு கூறு’. முதலாவதில் ‘சிறு’ என்பது மட்டும் தங்கி மினிட் ஆயிற்று. இரண்டாவதில் ‘இரண்டாம்’ என்பது மட்டும் தங்கி செகண்ட் ஆயிற்று. “ஒரு செகண்ட் பொறுங்கள்” என்கிறவர் உண்மையில் “ஒரு இரண்டாவது பொறுங்கள்” என்கிறார். நாமும் இவ்விடத்தில் யோக்கியர்கள் அல்லர். கண் இமைப்பதும் விரல் நொடிப்பதும் ஒரே மாத்திரை என்று வைத்தது தொல்காப்பியம். இமைப்பைக் குறித்த வடசொல்லிலிருந்து வந்த நிமிடத்துக்கு இன்று 60 நொடி என்கிறோம்.

இவற்றையெல்லாம் பழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் ‘விநாடி’யை அப்படி விட முடியாது. நாழிகை என்பது 24 நிமிடம். அதில் 60இல் ஒரு பங்கு விநாடி, அதாவது 24 நொடி. வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் இந்தக் கணக்கில்தான் அச்சாகிறது. சென்ற ஆண்டு என் பேரன், ஒரு திதி 23 நாழிகை 40 விநாடி வரை என்பதைப் பார்த்து, அந்த 40 விநாடியை 40 செகண்டாகக் கொண்டு கணக்கிட்டான். உண்மையில் 40 விநாடி என்பது 16 நிமிடம். பிழை அவனுடையது அன்று. நாளிதழ்களிலும் வானொலியிலும் செகண்டுக்கு விநாடி என்றே அவன் படித்தும் கேட்டும் வந்திருக்கிறான். தங்கள் இதழில் ஓட்டப்பந்தயச் செய்திகளிலும் ஏவுகலச் செய்திகளிலும் ‘நொடி’ என்றே எழுதி, ‘விநாடி’யைப் பஞ்சாங்கத்துக்கு விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பண்ணைக்காடு, கொடைக்கானல் வட்டம்.