பச்சை நிறம் எதற்குச் சாட்சி?

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஜிட்டல் தடுப்பூசிச் சான்றிதழ்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். க்யூஆர் குறியீட்டுக்குள் டிஜிட்டல் கையொப்பம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டுரையாளர் எளிமையாக விளக்கியிருக்கிறார். ஆனால் அந்தக் கையொப்பம் இருப்பதாலேயே ஒருவருடைய எதிர்ப்பாற்றல் நிரூபணமாகிவிடுகிறது என்று அவர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை.

கையொப்பம் சொல்வது இவ்வளவுதான்: இந்தப் பதிவை இன்ன அமைப்பு வழங்கியது, அதன்பின் ஒரு எழுத்தும் மாறவில்லை. பதிவே பொய்யாக இருந்தால், அந்தப் பொய்யும் மாறாமல் பத்திரமாக இருக்கும். 2021 அக்டோபரில் அடால்ஃப் ஹிட்லர் பெயரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோவிட் சான்றிதழ்கள் இணையத்தில் உலவின. சரிபார்க்கும் செயலிகள் பச்சை நிறம் காட்டி, அவை செல்லுபடியாகும் என்றே சொல்லின. கையொப்பத்தின் கணிதம் பிழையின்றி வேலை செய்ததன் விளைவு அது!

சரி, உண்மையாகவே ஊசி போட்டவர் என்றே வைத்துக்கொள்வோம். ஊசி போட்டது நடந்து முடிந்த செய்தி; எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்பது அதிலிருந்து நாம் செய்யும் ஊகம். ஊகத்துக்கான விதி மாறிக்கொண்டே இருக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்றிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றாயிற்று. பழைய சான்றிதழ்களுக்கும் அப்படியே. கோவிடில் நேர்மாறு: 2022 பிப்ரவரி முதல், பூஸ்டர் போடாதவரின் சான்றிதழ் ஐரோப்பிய நாடுகளுக்கிடையேயான பயணத்துக்கு 270 நாள்தான் என்று வரம்பு வந்தது. எந்த ஊசி, எத்தனையாவது தவணை, எந்த நாள் என்பன மட்டும் சான்றிதழில் இருக்கட்டும். அது போதுமா என்பதைச் சரிபார்க்கும் இடத்தில் உள்ள விதி முடிவு செய்யட்டும். ஐரோப்பியர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வடிவமைத்தார்கள். கட்டுரையில் இது விடுபட்டுவிட்டது.

நோய் வந்து குணமானவர்களுக்கும் சான்று தரலாம் என்ற யோசனைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஆன்டிபாடி (நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இருப்பவர்களுக்கு மறுபடி தொற்று வராது என்பதற்கு ஆதாரமில்லை என்று 2020 ஏப்ரலிலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. இதில் மருத்துவத்தைத் தாண்டிய ஆபத்தும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மஞ்சள் காய்ச்சலில் பிழைத்தவர்களுக்கே வேலையும் கடனும் எளிதாகக் கிடைத்தன. புதிதாகக் குடியேறியவர்களில் சிலர் அதற்காகவே காய்ச்சல் வரட்டும் என்று துணிந்தார்கள். பலர் செத்தார்கள். நோயில் பிழைத்ததற்குப் பரிசு வைத்தால், ஏழைகள்தான் முதலில் நோயைத் தேடிப் போவார்கள்.

அந்தரங்கம் பற்றிக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். வாசலில் நின்று சரிபார்ப்பவருக்குத் தேவை 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற பதில். முழுப் பெயரும் பிறந்த தேதியும் தடுப்பூசி விவரமும் அவருக்கு எதற்கு? நெதர்லாந்து தன் உள்நாட்டுக் குறியீட்டில் பெயரின் முதலெழுத்துகளையும் பிறந்த நாள், மாதத்தையும் மட்டும் வைத்தது. அடையாள அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்க்க அது போதுமானதாகவே இருந்தது. கைபேசி இல்லாதவருக்கு இதே குறியீட்டைக் காகிதத்தில் அச்சிட்டும் தரலாம் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, இதற்கெல்லாம் ஒரு முடிவுத் தேதி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோவிட் சான்றிதழ்ச் சட்டத்தை ஓராண்டுக்கென்றே இயற்றினார்கள். ஒருமுறை நீட்டித்தார்கள், 2023 ஜூன் 30உடன் அது காலாவதியானது. அதே தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் இப்போது உலகளாவிய வலையமைப்பு ஒன்றை நடத்துகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. பயணிகள் தடுப்பூசிச் சான்றாகக் கொண்டுசெல்லும் கந்தலான மஞ்சள் காகித அட்டையைவிட அது மேல்தான். ஆனால் எந்த நோய்க்கு, எந்த வாசலில், எந்தத் தேதி வரை என்பதைச் சட்டத்தில் எழுதாமல் இதைத் தொடங்கும் அரசுகளைப் பற்றியும் தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்