ஆறு வாரம் பொறு

அன்பு மகளுக்கு,

தைராய்டு மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகியும் அசதி குறையவில்லை, மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று கேட்டிருந்தாய். வேலை செய்கிறது, கண்ணு. உடம்புக்குள் சேதி போக இரண்டு வழி உண்டு. நீ எதிர்பார்ப்பது நரம்பின் வேகத்தை. உனக்குக் குறைந்திருப்பதோ ஹார்மோன், அதாவது சுரப்பி ரத்தத்தில் விடும் சேதிப்பொருள்.

சூடான பாத்திரத்தில் விரல் பட்டதும், வலி மூளைக்குத் தெரியும் முன்பே தண்டுவடம் கையை இழுக்க வைத்துவிடும். வேகமான நரம்பிழையில் சேதி நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் ஓடும். ஆனால் இழை முடிகிற இடத்தோடு சரி. வந்த வேகத்தில் அடங்கியும் விடும். ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள செல்களில் மட்டும் வேலை நடக்கும்.

திடுக்கிட்டால் இரண்டு வழியும் சேர்ந்தே திறக்கும். நரம்பு நேரே சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியைத் தூண்ட, நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் இறங்கும். அது சில நிமிடங்களில் குறைந்துவிடும். இன்னொரு பக்கம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அதே சுரப்பியின் வெளிப்பகுதிக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஹார்மோன் மெல்ல ஏறும். உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். ஆபத்து போன பிறகும் உடம்பு சட்டென்று சமநிலைக்குத் திரும்பாதது இதனால்தான்.

தைராய்டு இதைவிட நிதானம். உன் மாத்திரையில் இருக்கும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். தினமும் போடுவது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து நிலைக்கு வர ஐந்தாறு வாரம் வேண்டும். அந்த அளவைப் பார்த்துத்தான் பிட்யூட்டரி, தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தான் அனுப்பும் டி.எஸ்.எச். ஹார்மோனைக் குறைக்கும். அதனால் 6 முதல் 8 வாரம் கழித்தே சோதனைக்கு ரத்தம் கொடு. அவசரப்பட்டுச் சோதித்து, டி.எஸ்.எச். இன்னும் அதிகம் என்று மாத்திரையைக் கூட்டினால், பிறகு அளவு மிஞ்சிப்போய்க் கை நடுக்கம், தூக்கமின்மை என்று வந்து நிற்கும்.

(கார்டிசாலின் வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதும் இந்தக் கணக்குதான். வெளியிலிருந்து கிடைப்பதால் பிட்யூட்டரி அட்ரினலைச் சுரக்கச் சொல்வதை நிறுத்தியிருக்கும், அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். அது விழிக்கும் முன் மாத்திரையை விட்டால் உயிருக்கே ஆபத்து.)

காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போடு. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குக் காப்பிகூட வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி விடு. இல்லையென்றால் டி4 குடலிலேயே கட்டுண்டு வீணாகும். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்து. சில கருவிகளில் அது டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

அசதிக்குத்தான் ஆறு வாரம் பொறுக்கச் சொல்கிறேன். நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடு.

அன்புடன்,
அம்மா