சைக்கிள் கொடுத்தாங்க சரி, ஓட்டறதுக்கு வழி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, சைக்கிள் பாதை கேட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி விடுற நேரமா பாத்து சி.டி.எச். ரோட்டுல (சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலை) ஊர்வலம் போறது பொறுப்பில்லாத வேலை, ஞாயித்துக்கிழமை காலையில போனா யாருக்கும் தொந்தரவு இருக்காதேன்னு. அந்த ஊர்வலத்துக்கு ஆள் சேத்துக்கிட்டு இருக்கறவங்கள்ல நானும் ஒருத்தன். அவர் கேட்டது கேக்க வேண்டிய கேள்விதான், அதனால கோவப்படாம பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா இருந்தா வெட்டிப் போட்டுக்கோங்க.

ஞாயித்துக்கிழமை காலையில ஏன் போகலைன்னா, ஞாயித்துக்கிழமை காலையில பிரச்சனையே கிடையாது சார். அஞ்சரை மணிக்கு ஈ.சி.ஆர்.ல ஹெல்மெட் மாட்டிக்கிட்டு கியர் சைக்கிள்ல போறவங்களை நான் குறை சொல்லலை, அவங்கள்லயே சில பேர் எங்க கூட வர்றாங்க. ஆனா சென்னையில சைக்கிள்னாலே அதுதான்னு ஒரு நெனப்பு வந்துடுச்சு, பேப்பர்ல போட்டோ வந்தாலும் அதுதான் வருது. காலையில ஆறு மணி ஷிப்டுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள, அதான் தொழிற்பேட்டைக்குள்ள போற ஆளு, கேரியர்ல டீ கேன் கட்டிக்கிட்டு கம்பெனி கம்பெனியா நிக்கிறவரு, நைட் டூட்டி முடிச்சு தூக்கக் கலக்கத்தோட வீட்டுக்குப் போற செக்யூரிட்டி பெரியவரு, பீகார் ஒடிசாலேர்ந்து வந்து ஒரே ரூம்ல தங்கி ஒரே பழைய சைக்கிளை ஷிப்டு மாத்தி ஷிப்டு ஓட்டற பசங்க, அப்புறம் பேப்பர் போடற தம்பி (உங்க பேப்பரே எங்க தெருவுக்கு சைக்கிள்லதான் வருது) இவங்க யாரும் உடம்பு குறைக்கறதுக்கு ஓட்டலை, பெட்ரோல் போட்டா மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்காதுன்னு ஓட்டறாங்க. இவங்க ரோட்டுல இருக்கற நேரத்துல, இவங்க போற ரோட்டுல போனாதான் அது ஊர்வலம். மத்தபடி அது காலைநேர உடற்பயிற்சி, அதுக்கு பர்மிஷன் கூட தேவையில்ல.

பாடி லூகாஸ் சிக்னல்லேர்ந்து அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் அந்த வாசகர் ஒரே ஒரு தடவை சைக்கிள்ல வந்து பாக்கட்டும். கார்ல போறவங்க கண்ணுக்கு ரோடு ஒண்ணா தெரியும், சைக்கிள்காரனுக்கு ரோடுன்னா இடதுபக்கக் கடைசி மூணு அடிதான், அந்த மூணு அடியிலதான் ஊர்ல இருக்கற எல்லாமே இருக்கு. பழைய தாரை சுரண்டாம மேல மேல தார் போட்டதுல ஓரத்துல ரெண்டு மூணு இஞ்சுக்கு ஒரு படி மாதிரி நிக்கும், அதுக்கு இந்தப் பக்கம் மண்ணு, அந்தப் பக்கம் லாரி. முன் சக்கரம் அந்தப் படியில இறங்கிட்டா ஹேண்டில்பார் உங்க பேச்சை கேக்காது. அதை தாண்டினா மேன்ஹோல் மூடி, ஒண்ணு பள்ளத்துல இருக்கும் இல்ல மேட்டுல இருக்கும், ரோட்டு மட்டத்துக்கு சரியா இருக்கற மூடியை பாத்தா எனக்கு கையெடுத்து கும்பிடத் தோணும். மழைத்தண்ணி இறங்கறதுக்கு போட்டிருக்கற இரும்புக் கம்பி ஜல்லடை இன்னும் மோசம், சில இடத்துல கம்பிங்க ரோடு போற திசையிலேயே நீட்டுவாக்குல இருக்கும், சைக்கிள் டயர் உள்ள போய் உக்காந்துக்கற அளவுக்கு இடைவெளி. அதையே குறுக்குவாட்டுல திருப்பிப் போட்டா போதும், புதுசா ஒண்ணும் வாங்க வேணாம், டெண்டர் கூட வேணாம். பஸ் ஸ்டாப் வந்தா பஸ்ஸு நம்மள ஓவர்டேக் பண்ணி அப்படியே இடதுபக்கம் ஒடிக்கும், டிரைவரையும் சொல்ல முடியாது, அவருக்கு ஸ்டாப்பு அங்கதான். ஷேர் ஆட்டோ எங்க வேணா நிக்கும். நாம பிரேக்கை புடிச்சுக்கிட்டு ஒத்தக் காலை தரையில ஊனிக்கிட்டு நிக்கணும், பின்னாடி வர்ற பைக்காரரு ஹாரன் அடிப்பாரு.

சைக்கிள்காரங்கதான் ராங் சைடுல வர்றாங்கன்னு அந்தக் கடிதத்துல ஒரு வரி இருந்தது. வர்றாங்க, இல்லேன்னு சொல்லலை. ஏன் வர்றாங்கன்னு யாராவது நின்னு பாத்திருக்காங்களா? ரோட்டு நடுவுல மீடியன் கட்டி அங்கங்க இருந்த வழியை எல்லாம் அடைச்சுட்டாங்க, எதிர்ல தெரியற கம்பெனி கேட்டுக்குப் போகணும்னா ரொம்ப தூரம் போயி யு டர்ன் அடிச்சுத் திரும்பி வரணும், வண்டியில இருக்கறவருக்கு அது ரெண்டு நிமிஷம், எட்டு மணி நேரம் லேத் மிஷின் முன்னாடி நின்ன காலுக்கு அது தண்டனை. யு டர்ன்ல குறுக்க திரும்பறதும் சும்மா இல்ல, எதிர் டிராஃபிக் நிக்காம வரும், நடுரோட்டுல நாம மட்டும் கையை நீட்டிக்கிட்டு நிக்கணும். ராங் சைடே மேல்னு அவன் கணக்கு போடறான், அந்தக் கணக்கு தப்பா இருக்கலாம், ஆனா அவனை அப்படி கணக்கு போட வச்சது ரோட்டை டிசைன் பண்ணவங்க.

இன்னொரு விஷயம் எனக்கு புரியவே மாட்டேங்குது. நம்ம தமிழ்நாட்டு அரசு மாதிரி சைக்கிள் கொடுத்த அரசு வேற எங்கயும் இருக்கான்னு தெரியல. 2001ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு அப்புறம் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி பிளஸ் ஒன் பசங்க எல்லாருக்கும்னு ஆச்சு, ஆட்சி மாறினாலும் திட்டம் நிக்கலை, வருஷத்துக்கு லட்சக்கணக்குல சைக்கிள். என் அக்கா பொண்ணுக்கும் கிடைச்சது, நல்ல சைக்கிள்தான். மெயின் ரோட்டுல ஓட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போகாதேன்னு எங்க அக்கா சொல்லிட்டா, இப்ப அது மாடிப்படிக்கு கீழ துணி காயப்போட உதவுது. எங்க அக்கா பயந்தாங்கொள்ளி கிடையாது, ஆனா அந்த ரோட்டை அவளும் பாக்கறா இல்ல. சைக்கிளுக்கு பட்ஜெட் போட்டவங்க அதை உருட்டறதுக்கு ஆறு அடி அகலம் கொடுக்க யோசிக்கறாங்க. இத்தனைக்கும் 1949ல ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள் கம்பெனி நம்ம அம்பத்தூர்க்காரங்க, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்த மண்ணுல செஞ்சு ஊருக்கெல்லாம் போச்சு, அந்த வாசல் முன்னாடியே சைக்கிளுக்கு வழி இல்லைன்னா யாருகிட்ட போய் சொல்றது.

கொள்கை இல்லாம இல்ல. 2014லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு தனியா ஒரு கொள்கை கொண்டு வந்தாங்க, இந்தியாவுலேயே நாமதான் முதல்னு அப்ப பெருமையா பேசிக்கிட்டாங்க. போக்குவரத்துக்கு ஒதுக்கற காசுல 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு அதுல இருக்கு. நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்க சாவை 2018க்குள்ள பூஜ்ஜியம் ஆக்கறதுன்னும் இருக்கு. நல்லா எழுதியிருக்காங்க, படிச்சா கண்ணுல தண்ணி வரும். பாண்டி பஜார்ல 2019ல நடைபாதையை அகலப்படுத்துனாங்க, உண்மையிலேயே அழகா இருக்கு, குடும்பத்தோட போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு வந்தோம். அதே வருஷம் வாடகை சைக்கிளும் வந்துச்சு, ஆப் டவுன்லோட் பண்ணி ஓட்டற மாதிரி, ஆரம்பத்துல இருந்த பரபரப்பு அப்புறம் இல்ல. எப்படி இருக்கும், சைக்கிளை கொண்டு வந்து மறுபடியும் அதே மூணு அடியிலதானே விட்டாங்க. சைக்கிள் பாதைக்கு அளவு என்ன, எப்படி போடணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1962லேயே புத்தகம் போட்டுட்டாங்க, 2015ல அதை புதுசாவும் மாத்தி எழுதுனாங்க. அதாவது என்ன செய்யணும்னு தெரியாம யாரும் இல்ல.

சி.டி.எச். ரோட்டுல சிக்கல் என்னன்னா அது நெடுஞ்சாலைத்துறை ரோடு, மழைநீர் வடிகால்னா வேற ஆளு, மேன்ஹோல்னா வேற ஆளு, கேபிளுக்கு தோண்டறவங்க வேற ஆளு. நாங்க மனு எடுத்துக்கிட்டு ஒரு ஆபீஸுக்கு போனா இன்னொரு ஆபீஸை கை காட்டறாங்க, அங்க போனா முதல் ஆபீஸுக்கே அனுப்பறாங்க. பேர் சொல்ல விரும்பல, எல்லாருமே மரியாதையாதான் பேசுனாங்க, ஒரு எடத்துல மோர் கூட கொடுத்தாங்க. மோரோட சரி.

உடனே யாராவது இது என்ன ஊரெல்லாம் சைக்கிள் பாதை இருக்கற ஹாலந்தான்னு கேப்பாங்க, கேக்கறாங்க. ஹாலந்து ஒண்ணும் பொறக்கும்போதே அப்படி இல்ல சார். அறுபதுகள்ல அவங்களும் கார் வாங்கி குவிச்சு, கார் போறதுக்கு ஊரை இடிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. 1971ல மட்டும் ரோடு விபத்துல சுமார் 3300 பேர் செத்துப் போனாங்க, அதுல 400க்கு மேல குழந்தைங்க. விக் லாங்கன்ஹாஃப்னு ஒரு பத்திரிகையாளர், அவரோட சின்னப் பொண்ணும் அப்படி போயிடுச்சு, அவரு 1972ல தன்னோட பேப்பர்ல குழந்தைக் கொலையை நிறுத்துங்கன்னு தலைப்பு போட்டு ஒரு கட்டுரை எழுதுனாரு. அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்துக்கு பேரா ஆச்சு, அப்பா அம்மாவும் குழந்தைங்களும் தெருவை மறிச்சாங்க, ஆம்ஸ்டர்டாம்ல ஆயிரக்கணக்குல சைக்கிளோட வந்து ரோட்டுல படுத்தாங்க. 1973ல எண்ணெய் நெருக்கடி வேற வந்துச்சு, ஞாயித்துக்கிழமை கார் ஓட்டக்கூடாதுன்னு அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது. இன்னிக்கு நாம யூடியூப்ல வாயைப் பொளந்துக்கிட்டு பாக்கற பாதையில பெரும்பாலானது அதுக்கு அப்புறம் வந்ததுதான். பேப்பர்ல வந்த ஒரு கட்டுரையிலேர்ந்து ஆரம்பிச்சதுன்னு உங்களுக்கு எழுதும்போது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான், வேற உள்நோக்கம் இல்ல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்ங்கறதும் நாங்களா கண்டுபிடிச்சது இல்ல. சான்பிரான்சிஸ்கோவுல 1992 செப்டம்பர்ல வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற சைக்கிள்காரங்க கொஞ்ச பேர் சேந்து ஒண்ணா போனாங்க, அது கிரிட்டிக்கல் மாஸ்னு பேர் வாங்கி மாசா மாசம் கடைசி வெள்ளிக்கிழமை எத்தனையோ ஊர்ல நடக்குது. வீட்டுக்குப் போற ரோட்டுலதான் போறோம், தனித்தனியா போறதுக்கு பதிலா சேந்து போறோம். எதுக்கு வெளிநாடுன்னா, அதே 1992ல நம்ம புதுக்கோட்டையில மகளிர் தினத்தன்னிக்கு 1500க்கும் மேல பெண்கள் சைக்கிள்ல கொடியைக் கட்டிக்கிட்டு மணியடிச்சுக்கிட்டு ஊர் நடுவுல போனாங்களே. அறிவொளி இயக்கம் நடந்த காலம், கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா எழுத்தறிவோட சைக்கிளையும் சேத்து சொல்லிக் கொடுக்க வச்சாங்க. பொம்பள சைக்கிள் ஓட்டறதான்னு கேலி பண்ண தெருவுலயேதான் அவங்க போனாங்க, ஆள் இல்லாத நேரம் பாத்து போகலை.

பாதை போட்டா பைக்காரன் ஏறிடுவான், கடைக்காரன் போர்டு வைப்பான், கார் நிறுத்துவாங்கன்னு சொல்றாங்க. உண்மைதான். பெங்களூர்ல ஜெயநகர்ல போட்ட பாதை பார்க்கிங் ஆயிடுச்சு, 2020ல அவுட்டர் ரிங் ரோட்டுல கம்பம் நட்டு பிரிச்ச பாதையில கம்பத்தையே உடைச்சுட்டாங்க. அதனாலதான் நாங்க பெயிண்ட் அடிச்ச கோடு கேக்கலை, பச்சைக் கலர் அடிச்சு சைக்கிள் படம் வரைஞ்சு போட்டோ எடுத்துட்டுப் போற வேலை எங்களுக்கு வேணாம். கல்லு வச்சு பிரிச்ச பாதை வேணும், ரெண்டு மீட்டர் இருந்தா போதும், எஸ்டேட் உள்ள போற ரோட்டுலயும் ஸ்கூல் இருக்கற ரோட்டுலயும் முதல்ல போடுங்க, ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் அறுந்து போகாம கொண்டு போங்க. நடுவுல நூறு மீட்டர் விட்டுட்டா அந்த நூறு மீட்டர்லதான் அடிபடுவான். அது வர்றதுக்கு வருஷம் ஆகும்னு தெரியும், அதுவரைக்கும் ஜல்லடையை திருப்புங்க, ஓரத்துப் படியை சரிவா வெட்டுங்க, மீடியன்ல சைக்கிளை உருட்டிக்கிட்டு குறுக்க போற அளவுக்கு நாலு அடி திறப்பு விடுங்க. இதுக்கெல்லாம் கோடிக்கணக்குல செலவு கிடையாது.

டிராஃபிக் ஜாம் ஆகும்ங்கறதுக்கும் பதில் சொல்லிடறேன். இடதுபக்க ஒரு லேன்லதான் போவோம், ரெண்டு ரெண்டு பேரா, வேகமா போகத் தெரிஞ்சவங்க பின்னாடி, மெதுவா போறவங்க முன்னாடி, ஆம்புலன்ஸ் வந்தா மொத்தமா இறங்கி ஓரம் கட்டணும்னு சொல்லி வச்சிருக்கோம். போலீஸ்ல மனு கொடுத்தாச்சு. கொடியசைச்சு தொடங்கி வைக்க யாரையும் கூப்பிடலை, டி ஷர்ட் கிடையாது, மெடல் கிடையாது. டன்லப் பக்கத்துல பஞ்சர் கடை வச்சிருக்கற அண்ணன் பம்பு, டியூப்பு, வால்வு எல்லாம் எடுத்துக்கிட்டு கடைசியா வரேன்னு சொல்லியிருக்காரு. இருட்டிடும், அதனால பின்னாடி ரிஃப்ளெக்டர் இல்லாதவங்க வந்தா ஒட்டறதுக்கு ஸ்டிக்கர் வாங்கி வச்சிருக்கோம், ஊர்வலம் முடிஞ்சாலும் அது சைக்கிள்லயே இருக்கட்டும்.

அந்தக் கடிதம் எழுதுன வாசகர் வர்றதா இருந்தா லூகாஸ் சிக்னல்கிட்ட ஆறு மணிக்கு வரட்டும், சைக்கிள் இல்லைன்னா என் தம்பி சைக்கிள் ஒண்ணு சும்மா இருக்கு, சீட்டை மட்டும் கொஞ்சம் ஏத்தணும்.

இப்படிக்கு,
எஸ்டேட் சைக்கிள்காரன்,
கொரட்டூர்.